சனியைப் பார்க்கலாமா?

புதுவாயலில் அறிவியல் பேச நல்ல நேரம் இரவு பத்து மணி. எங்கள் பக்கம் எல்லாமே ஷிப்ட் கணக்கு: ஆறு, இரண்டு, பத்து. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் வழியோர உருக்காலைகளிலும் இரண்டாம் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் கூட்ரோட்டில் இறங்குவார்கள். டீ குடித்துவிட்டுப் பெரியபாளையம் சாலையில் போகிற வண்டிக்காக நிற்பார்கள். கையில் வேலை இருக்காது, செல்போனில் சார்ஜ் இருக்காது, உடம்பு அலுத்திருந்தாலும் உடனே தூக்கம் வராது. அந்தக் கொஞ்ச நேரம்தான் என் வகுப்பு.

நான் ஓர் உருக்காலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். ஸ்பெக்ட்ரோ ஆபரேட்டர் என்பார்கள். ஃபர்னஸில் உருகிக்கொண்டிருக்கும் இரும்பிலிருந்து ஒரு துண்டு மாதிரி வரும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி இயந்திரத்தில் வைத்தால் ஒரு தீப்பொறி அடிக்கும். கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று ஒரு நிமிடத்துக்குள் திரையில் எண்கள் வந்துவிடும். அதை மெல்டிங் செக்‌ஷனுக்குச் சொல்ல வேண்டும். சம்பளம் அதற்குத்தான். டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கூட்ரோட்டுக்குப் போனது சம்பளமில்லாத உத்தியோகம். ஆனால் எது உன் தொழில் என்று யாராவது கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

பள்ளிகளிலும் பேசியிருக்கிறேன். அங்கே பிள்ளைகளுக்கு எழுந்து போக வழியில்லை. நாம் எப்படிப் பேசினாலும் உட்கார்ந்திருப்பார்கள், கடைசியில் கையும் தட்டுவார்கள். சாலையில் அப்படியில்லை. பிடிக்கவில்லை என்றால் அவர் பாட்டுக்கு நடந்துவிடுவார். பேசக் கற்றுக்கொடுத்தது அந்தப் பயம்தான்.

இந்த வேலைக்கு என்னை இழுத்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1980இல் தொடங்கிய இயக்கம். 1987இல் நாட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து மக்கள் அறிவியல் கலைப்பயணங்கள் கிளம்பிப் போபாலில் போய்ச் சேர்ந்தன. விஷவாயுவில் ஆயிரக்கணக்கானோர் செத்து மூன்று வருடம்கூட ஆகாத ஊர் அது. அறிவியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஊரில் போய் முடித்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஆலைகளுக்கு நடுவில் வாழ்கிறவனுக்கு அப்படித்தான் படும். சிறுவர்களுக்கான ‘துளிர்’ இதழ் வரத் தொடங்கியதும் அதே வருடம்தான். பிறகு அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தது. அப்போது திருவள்ளூர் தனி மாவட்டம்கூட இல்லை. செங்கல்பட்டிலிருந்து பிரிந்தது 1997இல். ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் ‘அ’னா, ‘ஆ’வன்னா எழுதப் பழகிய பெண்கள், எழுத்தை விட்டுவிட்டு, “மழை எப்படிப்பா பெய்யுது?” என்று கேட்பார்கள். என் முதல் மாணவர்கள் அவர்கள்தான்.

1995 செப்டம்பர் 21. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடு முழுக்கப் பரவிய நாள். எங்கள் ஊர்க் கோயிலிலும் வரிசை. ஸ்பூனில் பாலை ஊற்றித் தும்பிக்கையின் ஓரத்தில் வைத்தால் பால் குறைகிறது. கண்ணால் பார்க்கிறார்கள், பொய்யில்லை. அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு ‘பரப்பு இழுவிசை’ என்று ஆரம்பித்தால் உதைதான் விழும். வரிசையில் நின்ற ஒரு பாட்டியிடம் மட்டும் கேட்டேன்: “பிள்ளையார் குடிக்கிறாரு சரிம்மா. உங்க வீட்டு அம்மி குடிக்குமா?” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயந்திரம் அவரே தேடிக்கொண்டு வந்தார். “குடிக்குதுப்பா. குழவியும் குடிக்குது.” தெருவில் நாலைந்து வீட்டு அம்மிகளுக்கு அன்று பால் வார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு, ஸ்பூனின் விளிம்பில் திரளும் பால் கல்லைத் தொட்டதும் அதன்மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவதையும், பாலில் கொஞ்சம் குங்குமத்தைக் கரைத்தால் அந்த வழிச்சல் கண்ணுக்குத் தெரிவதையும் அவர்களே காட்டினார்கள். பாட்டியின் பக்தி அதனால் ஒரு துளியும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். கேட்பவர் தன் கைக்கெட்டுகிற பொருளை வைத்துச் சரிபார்க்க முடியாத செய்தி என்றால், அது எவ்வளவு அதிசயமாக இருந்தாலும் கூட்ரோட்டில் சொல்வதில்லை. இதனால் நிறைய நல்ல சரக்கு வீணாகும். கருந்துளை போகும், பெருவெடிப்பு போகும். போகட்டும். ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஆரம்பிக்கிற துணுக்குகளால் வருகிற வியப்பு அடுத்த துணுக்கு வரும்வரைதான். சரிபார்க்க வழியில்லாத உண்மையும் சரிபார்க்க வழியில்லாத புரளியும் கேட்பவருக்கு ஒன்றுதான்; இரண்டையும் அவர் நம்பிக்கையின் பேரில்தான் வாங்கிக்கொள்கிறார். நாம் உண்மையைச் சொல்கிறோம் என்பது நமக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

2019 டிசம்பர் கிரகணத்தின்போதும், அடுத்த ஜூன் கிரகணத்தின்போதும் பித்தளைத் தட்டில் உலக்கையை நிறுத்தி வீடியோ அனுப்பினார்கள். கிரகணத்தில் மட்டும்தான் நிற்குமாம். மறுநாள் டீக்கடை வாசலில் உலக்கையை நிறுத்தினோம். நின்றது. “நேத்து எஃபெக்ட் இன்னும் போகல சார்,” என்றார் ஒருவர். நியாயமான சந்தேகம், குற்றம் சொல்ல முடியாது. சில நாள் விட்டு மறுபடி நிறுத்தினோம். அடிப்பாகம் தட்டையான எந்த உலக்கையும் பொறுமையாக நிறுத்தினால் என்றைக்கும் நிற்கும். அந்த ஆள் அதன்பிறகு தானே வீட்டில் நிறுத்தி வீடியோ எடுத்து, புரளி வந்த அதே குழுவில் போட்டார். நான் போட்டிருந்தால் எடுபட்டிருக்காது.

டெலஸ்கோப் வந்தது பிற்பாடு. ஆறு அங்குலக் கண்ணாடி. முதலில் நிலாவைக் காட்ட வேண்டும். பௌர்ணமி கூடாது, எட்டாம் பிறை ஒன்பதாம் பிறை நல்லது. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும். பௌர்ணமியில் எல்லாம் வெளுத்துப்போய்விடும். நிலா என்றால் எல்லோரும் பார்ப்பார்கள். சனி என்றால்தான் தகராறு.

“சனியைப் பார்க்கலாமா?” இதைக் கேட்காத ஆளே இல்லை. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போகிற ஊர் இது. ‘அவன் பார்வை நம்மேல் படக்கூடாது என்று எள்விளக்குப் போடுகிறோம், நாமே போய்க் கண்ணை வைத்துப் பார்ப்பதா?’ நான் வாதம் செய்வதில்லை. “பார்வை அங்கிருந்து வரலைம்மா, வெளிச்சம்தான் வருது. அதுவும் அதோட வெளிச்சம் இல்ல, சூரியன் வெளிச்சம்.” சூரியனிலிருந்து கிளம்பிச் சனிவரைக்கும் போய், பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வர இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். “அது கிளம்பினப்ப நீங்க கேன்டீன்ல டிபன் சாப்பிட்டுட்டு இருந்தீங்க,” என்பேன் ஷிப்ட் முடித்து வந்தவர்களிடம். சிரித்துக்கொண்டே ஒருவர் குனிவார். அவர் நிமிர்கிற விதத்தைப் பார்த்துத்தான் அடுத்தவர் முடிவு செய்வார். ஒரு முறை கைக்குழந்தையோடு வந்த பெண் பார்த்துவிட்டு, “கம்மல் மாரி கீதேப்பா!” என்றார். அதற்குமேல் நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்கவில்லை. கம்மலைப் பார்க்க வரிசை தானாக வந்துவிட்டது. 2025இல் அந்த வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பி வெறும் கோடாகிப் போனது. ஏறக்குறைய 15 வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஆகும். “கம்மலை அடகு வச்சிட்டாங்களா?” என்று கேட்டார்கள், பழைய ஆட்கள்.

படித்தவர்களுக்கு வேறு சந்தேகம். உள்ளே ஏதோ படம் ஒட்டிவைத்து ஏமாற்றுகிறேன் என்று நினைப்பார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், குழாயின் முன்பக்கம் போய் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒரே மருந்து: “கை படாம, அப்படியே பாத்துக்கிட்டே இருங்க.” நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது சனி இரண்டே நிமிடத்தில் வட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்து வெளியே போய்விடும். ஒட்டின படம் நகராது. “ஓடுது சார்!” “அது ஓடலை. நீங்க ஓடறீங்க. பூமி சுத்துது இல்ல, அதைத்தான் பாத்துட்டிருக்கீங்க.” பூமி சுற்றுகிறது என்று மூன்றாம் வகுப்பில் படித்ததை நாற்பது வயதில் முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் டெலஸ்கோப்பில் பார்க்கக் கிடைக்கிற மிகப்பெரிய அதிசயம் சனி இல்லை, இந்த நகர்வுதான். பெரும்பாலான இடங்களில் மோட்டார் பொருத்தி அதை மறைத்துவிடுகிறார்கள்.

இனி நட்சத்திரம். மார்கழி ராத்திரிகளில் திருவாதிரை நன்றாக மேலே வந்திருக்கும். செம்மஞ்சளாக இருக்கும். அதே கூட்டத்தில் கீழே ரைஜல், நீலம் கலந்த வெள்ளை. நிறம் ஏன் வேறு என்றால், சூடு வேறு. திருவாதிரையின் மேற்பரப்பு 3,300 டிகிரி செல்சியஸை ஒட்டி, சூரியன் 5,500, ரைஜல் 10,000க்கும் மேல். பள்ளியில் இதைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். உருக்காலை ஆட்களிடம் சொல்லத் தேவையே இல்லை. கம்பி சிவப்பாக வந்தால் சூடு போதாது, மஞ்சளாக வந்தால் ரோலிங்குக்குச் சரி என்று கண்ணால் சொல்கிறவர்கள் அவர்கள். தெர்மோகப்பிள் வருவதற்கு முன்னால் அந்தக் கண்தான் தெர்மோமீட்டர்.

ஆனால் அவர்களில் ஒரு மெல்டர் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதை எந்தப் பள்ளியிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. “சார், நம்ம மெட்டல் ஆயிரத்தி அறுநூறு டிகிரிதான். அதுவே வெள்ளையா கீது. நீங்க சொல்ற திருவாதிரை மூவாயிரத்துக்கு மேல. அப்ப அது இன்னும் வெள்ளையா இல்ல இருக்கணும்? ஏன் செவப்பு?”

தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இந்தத் தொழிலில் அது கௌரவக் குறைச்சல் இல்லை. திரும்பிப் போய்ச் சொல்லாமல் விட்டால்தான் குறைச்சல். பதில் என் வீட்டிலேயே இருந்தது. பழைய குண்டு பல்பின் இழை 2,500 டிகிரியை ஒட்டிச் சூடேறும். அது மட்டும் எரிகிற அறையில் உட்கார்ந்திருந்தால் வெளிச்சம் வெள்ளை என்றே தோன்றும். பக்கத்தில் டியூப்லைட்டைப் போட்டால் அதே பல்ப் சிவந்து போகும். கண் தனியாக நிறம் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. ஃபர்னஸ் வாயருகே கண் கூசுகிற அளவு பிரகாசத்தில் அதன் செம்மை நமக்குத் தெரிவதில்லை. வானத்தில் திருவாதிரைக்குப் பக்கத்தில் ரைஜல் இருக்கிறது, அதனால் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அடுத்த முறை கூட்ரோட்டில் ஒரு குண்டு பல்பையும் டியூப்லைட்டையும் மாட்டி அவரிடமே ஸ்விட்சைக் கொடுத்தேன். போட்டு அணைத்து, போட்டு அணைத்துப் பார்த்தார். “அதான் நீலக் கண்ணாடி போட்டா வேற மாரி தெரியுதா?” என்றார். ஃபர்னஸ்காரர்கள் போடுகிற கோபால்ட் கண்ணாடியைச் சொல்கிறார். அந்த இணைப்பு எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு ஹெல்பர், பையன், ஒடிசாக்காரன், தமிழ் நன்றாகப் பேசுவான். அவன் கேட்டது: “சூரியனில் இரும்பு இருக்குன்னு சொல்றாங்க. யாரு ணா போய்ப் பார்த்தாங்க?” இதற்கு மட்டும் எனக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் வயிறு வளர்த்ததே அந்தப் பதிலில்தான். ஒவ்வொரு தனிமமும் சூடேறும்போது தனக்கென்று சில நிறங்களில் மட்டும் ஒளிவிடும். டீக்கடை ஸ்டவ் தீயில் உப்புத்தண்ணீர் சிந்தினால் மஞ்சளாகப் பற்றுகிறதே, அது சோடியத்தின் நிறம். ஸ்பெக்ட்ரோவில் தீப்பொறி அடிப்பதும் அதற்குத்தான். துண்டை உடைத்துப் பார்ப்பதில்லை, அதன் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கிறோம். சூரிய வெளிச்சத்தையும் அப்படியே பிரித்தால் இரும்பின் கோடுகள் அங்கே கருங்கோடுகளாக நிற்கின்றன. பழைய சிடி ஒன்றை அட்டைப்பெட்டியில் சாய்த்து வைத்து, எதிரே பிளேடால் ஒரு கீறல் போட்டால் யாரும் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு காலத்தில் நெடுஞ்சாலை முழுக்க மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்தன, எனக்கு மிகவும் வசதி. எல்.இ.டி. வந்ததில் கரண்ட் மிச்சமாகியிருக்கலாம். என் கடையில் ஒரு சரக்கு போயிற்று.

சோடியம் விளக்கைக் காட்டும்போதெல்லாம் ஒரு கதை சொல்வேன். எங்கள் ஊர் வழியே போகிற இந்தக் கல்கத்தா சாலையில் அப்படியே வடக்கே போனால் நெல்லூர், ஓங்கோல் தாண்டிக் குண்டூர் வரும். லாரி டிரைவர்களுக்குத் தினசரி வழி. அந்தக் குண்டூரில் 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரான்சிலிருந்து ஜான்சென் என்பவர் அங்கே வந்து கருவியோடு காத்திருந்தார். சென்னை வான்நோக்கு நிலையத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரியன் மறைந்த நேரத்தில் அதன் விளிம்பிலிருந்து எழும் சுவாலைகளின் ஒளியைப் பிரித்தபோது ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் மஞ்சளுக்கு வெகு அருகில், ஆனால் அதே இடத்தில் இல்லை. சோடியம் 589 நானோமீட்டர், இது 587.6. அந்தச் சின்ன விலகல்தான் செய்தி. பூமியில் அதுவரை யாரும் பார்த்திராத தனிமம். இங்கிலாந்தில் லாக்கியர் அதை ஆராய்ந்தார்; சூரியனின் கிரேக்கப் பெயரை வைத்து ஹீலியம் என்றானது. பூமியில் ராம்சே அதைக் கண்டுபிடித்தது 1895இல், 27 வருடம் கழித்து. திருவிழாவில் பலூன் வாங்குகிற குழந்தைக்கும் குண்டூருக்கும் இப்படி ஒரு சம்பந்தம். இந்தக் கதையைக் கேட்ட ஒரு ஆந்திர டிரைவர், “மா குண்டூருலோனா?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மிளகாய்க்கு மட்டுமே பேர்போன ஊர் என்று நினைத்திருந்தாராம்.

அதே கிரகணத்தைப் பார்க்கச் சென்னை வான்நோக்கு நிலையத்திலிருந்து இன்னொரு குழுவை வழிநடத்திப் போனவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர் என்று வானியலாளர்கள் அவரைச் சொல்வார்கள். எனக்கு அவர் வேறு காரணத்துக்காக முக்கியம். 1874 டிசம்பரில் வெள்ளி கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்தது. அது நடக்கும் முன்பே, அது என்ன, ஏன் நடக்கிறது என்று சாதாரண ஜனங்களுக்காக ஒரு சிறு நூல் எழுதி, ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். அதுவும் உரையாடலாக. கேட்பவர் கேட்க, தெரிந்தவர் சொல்ல. நான் கூட்ரோட்டில் செய்வதை 150 வருடம் முன்பே ஒருவர் அச்சில் செய்துவிட்டுப் போயிருக்கிறார். பின்னால் வந்த பெ. நா. அப்புசாமியை எடுத்துக்கொண்டால், அவர் தொழிலால் வழக்கறிஞர். ஆனால் தமிழில் அறிவியல் எழுத்து என்றால் அவரைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. நானும் ஆராய்ச்சியாளன் இல்லை, டிப்ளமா. இந்த வேலைக்குப் பட்டத்தைவிட, எதிரே நிற்பவர் என்ன கேட்கிறார் என்று காது கொடுக்கிற பழக்கம்தான் முதலில் வேண்டும் என்பது என் கட்சி.

எல்லா ஊருக்கும் வாய்க்காத ஒரு பாக்கியம் எங்கள் ஊருக்கு உண்டு. ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து நேர்க்கோட்டில் 45, 50 கிலோமீட்டர்தான். வடக்கே, கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி. மொட்டைமாடியில் நின்றால் ராக்கெட் தெரியும். 2024 டிசம்பர் 30 அன்று, விண்ணில் இரண்டு கலங்களை இணைத்துப் பார்க்கும் சோதனைக்காகப் பி.எஸ்.எல்.வி. கிளம்பியது சரியாக இரவு பத்து மணிக்கு. எங்கள் ஷிப்ட் மாறுகிற நேரம்! இஸ்ரோ எங்களைக் கேட்டு வைத்த மாதிரி. இம்மாதிரி ராத்திரிகளில் நான் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று: “வெளிச்சம் தெரிஞ்சதும் செல்போன்ல ஸ்டாப்வாட்ச் போடுங்க. சத்தம் எப்ப வருதுன்னு பாருங்க.” காற்று ஒத்துழைத்தால், சாலையில் லாரிகள் ஒரு நொடி ஓய்ந்தால், அடிவயிற்றில் உணர்கிற மாதிரி ஓர் உறுமல் வரும். வர இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கு எரிந்து முடிந்து கழன்று விழ இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆக, அது கிளம்புகிற சத்தம் நம் காதில் விழும்போது, அந்தச் சத்தத்தைப் போட்ட எஞ்சினே ராக்கெட்டில் இல்லை. இதைக் கேட்டதும் ஒரு கணம் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். பிறகு யாராவது ஒருவர், “அப்ப இடி?” என்பார். அந்த “அப்ப”வுக்காகத்தான் நான் இத்தனை வருடம் நின்றேன்.

தெற்கு நோக்கிப் போக வேண்டிய ராக்கெட் ஏன் முதலில் வலப்பக்கமாக, கடல் பக்கம் சாய்கிறது என்றும் கேட்பார்கள். நேரே தெற்கே விட்டால் கீழே இலங்கை. கழன்று விழுகிற அடுக்குகள் ஜனங்கள் தலையில் விழக்கூடாது என்று தென்கிழக்கே சுற்றிப் போய்த்தான் திரும்புகிறது. அதற்கு எரிபொருள் கூடுதல். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அப்ப வேற எடத்துல கட்டலாம்ல?” என்று கேட்டாள். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் அடுத்த ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டியதற்கு அவள் சொன்ன அதே காரணம்தான் முக்கியமானது.

செல்போன் பற்றிச் சொன்னேன் அல்லவா? வாட்ஸ்ஆப்பில் வருடா வருடம் தவறாமல் வருகிற செய்தி ஒன்று: ‘இன்றிரவு காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு அருகில் வருகின்றன, செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள்.’ பொய் என்று சொல்லி விடுவது சுலபம். நான் உள்ளங்கையை நீட்டச் சொல்வேன். காஸ்மிக் கதிர்கள் மேலே காற்றில் மோதுவதால் பிறக்கிற மியூவான் துகள்கள், நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் உங்கள் உள்ளங்கையை ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கின்றன. இன்றிரவு மட்டுமில்லை, நீங்கள் பிறந்த நாளிலிருந்து. இதைக் கையால் சரிபார்க்க முடியாதே, உன் வழக்கம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் மாவட்டமே பதில் வைத்திருக்கிறது.

கொசஸ்தலையாற்றங்கரையில் அத்திரம்பாக்கம் என்று ஓர் ஊர். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் பல்லாவரத்திலும், சில மாதங்களில் இங்கேயும் கற்கால மனிதன் செய்த கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். பின்னாளில் சாந்தி பப்பு தலைமையில் அங்கே அகழாய்வு நடந்து, அந்தக் கருவிகளுக்கு வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். எப்படிக் கணக்கிட்டார்கள்? கல் வெட்டவெளியில் கிடக்கும்போது காஸ்மிக் கதிர் பட்டு அதற்குள் அலுமினியம், பெரிலியம் இரண்டின் அபூர்வ வகைகள் உருவாகும். மண்ணுக்குள் புதைந்ததும் புதிதாக உருவாவது நின்று, இருப்பவை இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதையும். மிச்சத்தை அளந்தால் எப்போது புதைந்தது என்று தெரியும். காஸ்மிக் கதிர் இன்றிரவு மட்டும்தான் வரும் என்றால் அந்தக் கல்லுக்கு வயதே சொல்ல முடியாது. பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் அந்தக் காலக் கருவிகளைப் பார்க்கலாம். சிப்காட் ஆட்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு ஃபிட்டர் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று, பிடிக்கிற மாதிரி கையை மடக்கிப் பார்த்துக்கொண்டே, “ஓரம் ரெண்டு பக்கமும் எடுத்திருக்கான் சார். பழகின கை,” என்றார். தொல்லியல் புத்தகங்கள் ‘இருமுகக் கருவி’ என்று பக்கம் பக்கமாக விளக்குவது இதைத்தான்.

செலவில்லாமல் எல்லோரும் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். புதுவாயலில் ஏப்ரல் 25ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 17, 18 தேதிகளிலும் உச்சிவேளைச் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நிழலில்லா நாள். பட்டறையில் கிடக்கும் பைப் துண்டு ஒன்றை லெவல் பார்த்துச் சமதரையில் நிறுத்துங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கிப் பைப்புக்குள்ளேயே போய்விடும். ஆனால் பன்னிரண்டு மணிக்கு இல்லை. ஏப்ரலில் 12 மணி 7 நிமிடத்துக்கு, ஆகஸ்டில் 12:13க்கு. நம் கடிகாரம் மிர்ஸாப்பூர் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு வைத்தது. சூரியன் அங்கே உச்சிக்கு வந்த பிறகுதான் இங்கே வரும். அதன்மேல் பூமியின் ஓட்டம் வருடம் முழுக்க ஒரே சீராக இல்லாததால் மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின் ஆகும். வேலையிடத்திலேயே சாப்பாட்டு இடைவேளையில் பார்த்துவிடலாம். ஒரு ஆலையில் மேலாளர் ஒருவர் இதற்கு ஆட்சேபம் சொன்னதும் நடந்திருக்கிறது. கேன்டீன் வாசலில் செய்துவிட்டோம்.

கிரகணம் பற்றி ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று எங்கள் பக்கத்தில் பலர் வெல்டிங் கண்ணாடியோடு வந்தார்கள். தொழிற்பேட்டை ஆயிற்றே, வீட்டுக்கு ஒன்று இருக்கும். அதில் எண் போட்டிருப்பார்கள். பட்டறையில் சாதாரணமாகப் புழங்குவது 10, 11. சூரியனுக்கு அது போதாது, 14 வேண்டும். ஃபர்னஸின் நீலக் கண்ணாடி கூடவே கூடாது. எக்ஸ்ரே ஃபிலிமும் கூடாது. வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் உள்ளே போகும். விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்ட பிறகுதான் தெரியும். கண்ணாடியே இல்லாதவர்கள் வேப்பமரத்தடியில் நின்றால் போதும். இலை இடுக்குகள் வழியே விழும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் பிறைபிறையாகத் தரையில் விழுந்திருக்கும். அன்றைக்கு நான் பார்த்ததில் அதிகக் கூட்டம் சேர்ந்தது டெலஸ்கோப்பைச் சுற்றி இல்லை, மரத்தடியில்தான்.

அடுத்து தென்தமிழ்நாட்டில் வளைய கிரகணம் 2031 மே 21, புதன்கிழமை. பகல் உச்சியை ஒட்டி நடக்கும். மதுரைப் பக்கம் முழு வளையமாகவும் இங்கே பகுதியாகவும் தெரியும். கோடை விடுமுறை என்பதால் பிள்ளைகளெல்லாம் வீட்டில் இருப்பார்கள். ஆசிரியர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 14ஆம் எண் கண்ணாடியை இப்போதே வாங்கி எடுத்து வையுங்கள். கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது.